பஸ் ஸ்டாண்டில் புகைத்தால் ரூ.200 அபராதம்: பக்கத்துல நிக்கிறவங்களுக்கு என்ன ஆபத்து?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையமோ, ஸ்ரீரங்கம் ரயில் நிலையமோ, "வெளியிலதானே பிடிக்கிறேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், 2008 அக்டோபர் 2 முதல் அமலில் உள்ள விதிகள் பேருந்து நிலையம், ரயில் நிலையத்தையும் பொது இடமாகவே கணக்கிடுகின்றன. மீறினால் ரூ.200 வரை அபராதம்.

ஏன் தடை?

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் உள்ளன. சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை. பயணி பஸ் வந்ததும் போய்விடுவார். பூ விற்பவரும் டீக்கடை ஊழியரும் நாள் முழுக்க அதையே சுவாசிக்கிறார்கள். இதயநோய், நுரையீரல் புற்றுநோய் ஆபத்து அவர்களுக்கும் உண்டு. குழந்தைகளுக்கு ஆஸ்துமா தீவிரமாகலாம்.

கடைக்குள்ள ஃபேன் போட்டா போதாதா?

போதாது. புகை பரவுமே தவிர, நச்சு முழுசா போகாது.

விட நினைக்கிறீங்களா? 1800-11-2356 இலவச எண்ணில் ஆலோசனை பெறலாம்.