விட்டுட்டுப் போனவருக்கு டைட்டில் கிடையாது!

போன வாரம் டீக்கடையில் நண்பன் திடீரென்று கேட்டான்: "ஏண்டா, யாரும் யாரையும் விட்டுட்டுப் போகாம சினிமாவுல கதை நகருமா?"

யோசித்துப் பார்த்தேன். நகர்வது கஷ்டம்தான்!

'தளபதி'யையே (1991) எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகாத சின்னப் பெண், பெற்ற குழந்தையை கூட்ஸ் வண்டியில் விட்டுவிடுகிறாள். குழந்தை ரஜினியாக வளர்ந்து நிற்கிறது. மகாபாரதத்தில் குந்தி ஆற்றில் விட்ட கர்ணன்தான். மணிரத்னம் ஆற்றுக்குப் பதில் தண்டவாளம் போட்டார்.

சாப்ளினின் 'தி கிட்' (1921) இன்னும் வேடிக்கை. குழந்தைக்கு நல்ல வாழ்வு கிடைக்கட்டுமென்று அம்மா அதைப் பணக்காரர் காரில் வைத்துவிட்டுப் போகிறாள். காரைத் திருடர்கள் கிளப்பிக்கொண்டு போகிறார்கள்! கடைசியில் குழந்தை சந்தில் கிடக்க, சாப்ளின் தலையில் விழுகிறது. அவரும் லேசுப்பட்டவரா? வேறொரு பெண்ணின் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு நழுவப் பார்க்கிறார். பாச்சா பலிக்கவில்லை.

'ஹோம் அலோன்' (1990) பார்த்திருப்பீர்கள். பாரிஸ் கிளம்பும் அவசரத்தில் தலையை எண்ணுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்து எண்ணித் தொலைக்க, கணக்கு சரியாக இருக்கிறது. சொந்தப் பையன் மட்டும் வீட்டில்! பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்... டேலி ஆகிற கணக்கையும் நம்பக் கூடாது ஸார்.

நம் ஆபீஸ் ஜாதிக்கென்றே ஒரு படம் உண்டு. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974). அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார், அண்ணனோ பொறுப்பில்லாதவன். சுஜாதா தினமும் ஆபீஸ் போய் அத்தனை பேருக்கும் சோறு போடுகிறார்.

இப்போது தலைப்புகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள். தளபதி, கிட், தனியாக வீட்டில், அவள்... எல்லாமே மிச்சமாகி நின்றவரின் பெயர்! போனவருக்கு டைட்டிலில் இடமே இல்லை. பாலு மகேந்திராவின் 'மறுபடியும்' (1993) போனவர் பேசுகிற வார்த்தை மாதிரி தெரியும். ஆனால், மனைவியை விட்டுப் போன கணவன் திரும்பி வந்து நிற்கும்போது, ரேவதி ஏற்றுக்கொள்வதில்லை.

காரணம் சிம்பிள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் நாம் அத்தனை பேரும், எல்.கே.ஜி. வாசலில் அம்மா கையை விட்ட அன்றே, 'விட்டுட்டுப் போயிட்டாங்க' கட்சியில் உறுப்பினராகிவிட்டோம். அதனால்தான் அந்தப் பக்கம் உட்கார்ந்தே அழுகிறோம்.

இதையெல்லாம் நான் பெருமையாக விளக்கி முடித்ததும், நண்பன் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்: "சரிடா, நீ ஊருக்குப் போய் எத்தனை நாளாச்சு?"

சுருக்கென்றது. பொங்கலுக்குப் போனது. ரெண்டே நாள். பஸ் ஸ்டாண்டில் அம்மா, "அடுத்து எப்பப்பா வருவே?" என்றாள். "பார்க்கறேம்மா" என்றேன். பஸ் திரும்புகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். நான் செல்போனில் ஆபீஸ் மெசேஜ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை படத்திலும் என்னை நான் குழந்தையாகவே நினைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கதைக்கு டைட்டில் வைத்தால், அது அம்மா பேரில்தான் இருக்கும்.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டேன். சனிக்கிழமை லீவு கேட்டதற்கு மேனேஜர், "என்ன விசேஷம்?" என்றார்.

"ஒரு பழைய படம் ஸார்... நேர்ல பார்க்கணும்" என்றேன்.