படம் மறைவது ஏன்?

எக்ஸ்எம்எல் ஆவணத்திலிருந்து பிடிஎஃப் அறிக்கை ஆக்குங்கால், எழுத்துக்கள் யாவும் செவ்வனே அமைந்தும் படங்கள் மட்டும் இடம்பெறாமற் போவதுண்டு. காரணம் யாது?

'படங்கள்/வெள்ளம்.பிஎன்ஜி' என்பது சார்பு முகவரி. எவ்விடத்திலிருந்து தேடுவதென அது தானே உரைப்பதில்லை. 2005-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3986 விதிப்படி, அடிப்படை முகவரி ஒன்றோடு இணைந்த பின்னரே அது முழுமை பெறும். ஆவணம் கோப்பாக அன்றி நினைவகத்திலிருந்து நேரே வழங்கப்படின், மென்பொருள் அவ்வடிப்படையை அறிய வழியில்லை. ஆகவே அப்பாச்சி எஃப்.ஓ.பி. போன்ற கருவிகளுக்கு அதனை நாமே அளித்தல் வேண்டும்.

அம்முகவரியின் இறுதியில் சாய்கோடு இன்றியமையாதது. 'அறிக்கை/' எனின் அக்கோப்புறையினுள்ளே தேடல் நிகழும். 'அறிக்கை' எனின் அச்சொல் நீக்கப்பட்டு, அதற்கு மேலுள்ள கோப்புறையில் நிகழும். ஒரு கோட்டின் குறைவால் வெள்ள அறிக்கையொன்று வரைபடமின்றியே அச்சேறக்கூடும். ஆதலின் அச்சிடுமுன் பிழைப் பதிவை நோக்குதல் நன்று.