சட்டத்தில் எழுதப்பட்ட மதிப்புகள்: ஜே.என்.யு. யாருடைய குரலில் பேசுகிறது?

நமது நாடாளுமன்ற நிருபர்

புது தில்லி: ஒரு பல்கலைக்கழகம் எந்த மதிப்புகளுக்காக நிற்கிறது என்பதை அதன் துணைவேந்தரோ நிர்வாகக் குழுவோ அறிவிப்பதுதான் வழக்கம். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை அந்தப் பணியை நாடாளுமன்றமே செய்துவிட்டது. 1966-ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட ஜே.என்.யு. சட்டத்தின் முதல் அட்டவணை, தேச ஒருமைப்பாடு, சமூக நீதி, மதச்சார்பின்மை, ஜனநாயக வாழ்க்கை முறை, சர்வதேசப் புரிந்துணர்வு, சமூகப் பிரச்னைகளை அறிவியல் நோக்கில் அணுகுதல் ஆகிய ஆறையும் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. நேரு தம் வாழ்நாளில் எவற்றுக்காக உழைத்தாரோ அவற்றைப் பற்றிய படிப்பை வளர்க்கப் பல்கலைக்கழகம் பாடுபட வேண்டும் என்பது அதன் கட்டளை.

இந்த மசோதாவை அன்றைய கல்வி அமைச்சர் எம்.சி. சாக்ளா 1965 செப்டம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களவையில் அறிமுகம் செய்தார். மற்றுமொரு பல்கலைக்கழகமாக இது இருந்துவிடக் கூடாது, நலிந்த பிரிவு மாணவர்களுக்கு அதன் கதவு திறந்திருக்க வேண்டும் என்று கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா அவையில் வலியுறுத்தினார். 1966 நவம்பர் 16-இல் மக்களவை ஒப்புதல் அளித்தது. 1969 ஏப்ரல் 22-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் துணைவேந்தராகப் பொறுப்பேற்றவர், என். கோபாலசுவாமி அய்யங்காரின் புதல்வரும் தூதருமான ஜி. பார்த்தசாரதி.

கூட்டு வாழ்வும் ஒரு பாடம்

சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு சொற்றொடர் உண்டு. கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றால் மட்டுமன்றி, தனது கூட்டு வாழ்வின் முன்மாதிரியாலும் செல்வாக்காலும் அறிவைப் பரப்புவதே பல்கலைக்கழகத்தின் நோக்கம் என்கிறது நான்காவது பிரிவு. அதாவது, அங்கு வாழும் சமூகம் எப்படி வாழ்கிறது என்பதும் அங்கு கற்பிக்கப்படும் பாடங்களில் ஒன்று.

ஆரவல்லிக் குன்றுகளின் பாறைகளுக்கும் முட்புதர்களுக்கும் இடையே சுமார் ஆயிரம் ஏக்கரில் பரந்துள்ள வளாகத்தில் இந்தக் கொள்கைக்கு உருவம் கொடுக்கும் முயற்சி பெயர்களிலேயே தொடங்குகிறது. விடுதிகளுக்கு நாட்டின் நதிகளின் பெயர்கள். கங்கை, ஜீலம், சட்லஜ், பிரம்மபுத்திரா, கோதாவரி ஆகியவற்றுடன் காவிரியும் பெரியாறும் உண்டு. குடியிருப்புப் பகுதிகளில் ஒன்று உத்தரகண்ட் என்றால் மற்றொன்று தட்சிணாபுரம்.

பெயர்களைவிட முக்கியமானது மாணவர் சேர்க்கை. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து விண்ணப்பிப்போருக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கும் முறையை இந்தப் பல்கலைக்கழகம் நீண்டகாலம் கடைப்பிடித்தது. 1980-களின் நடுப்பகுதியில் கைவிடப்பட்ட அம்முறை 1990-களில் மீண்டும் வந்தது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் மாணவர்கள் வருவதற்குச் சிறப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற அட்டவணையின் வாசகத்துக்குக் கிடைத்த நடைமுறை வடிவம் அது. அதன் பலனைப் பல்கலைக்கழகத்தின் ஆவணங்களே பறைசாற்றின. 2017-18 கல்வியாண்டில் சேர்ந்த மாணவர்களில் சுமார் 40 சதவீதத்தினர் மாதம் ரூ.12,000-க்கும் குறைவான வருமானமுள்ள குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்று அதன் ஆண்டறிக்கை தெரிவித்தது.

சுவர்களும் மேடைகளும்

பட்டமளிப்பு விழாக்களே பல்கலைக்கழகங்கள் தங்கள் இலட்சியங்களை முழங்கும் மேடை. ஜே.என்.யு.வின் முதல் பட்டமளிப்பு விழா 1972-இல் நடைபெற்றது. ஹிந்தித் திரைப்பட நடிகர் பல்ராஜ் சாஹ்னி அதில் உரையாற்றினார். அடுத்த விழா நடைபெற்றதோ 2018-இல். இடைவெளி 46 ஆண்டுகள். அந்த நீண்ட காலத்தில் பல்கலைக்கழகத்தின் குரலாக நாட்டுக்குக் கேட்டவை அதன் சுவரொட்டிகளும், உணவுக்கூடங்களில் இரவு உணவுக்குப் பின் நடக்கும் கூட்டங்களும், மாணவர்களே தேர்தல் ஆணையமாக இருந்து நடத்தும் பேரவைத் தேர்தலும், அதையொட்டிய தலைவர் வேட்பாளர்களின் விவாதமும்தான்.

அந்தக் குரலின் அடையாளமாக நிலைத்துவிட்டது 1977-ஆம் ஆண்டின் ஒரு புகைப்படம். நெருக்கடி நிலைக்குப் பின் நடந்த தேர்தலில் தோற்றிருந்த இந்திரா காந்தி அப்போதும் பல்கலைக்கழக வேந்தராக நீடித்தார். அவரது இல்லத்துக்கு ஊர்வலமாகச் சென்ற மாணவர்கள் முன்னிலையில், பேரவைத் தலைவர் சீதாராம் யெச்சூரி, அவர் பதவி விலகக் கோரும் தீர்மானத்தை வாசிக்க, இந்திரா அருகில் நின்று கேட்டார். பின்னர் அவர் வேந்தர் பதவியிலிருந்து விலகினார். 2024 செப்டம்பரில் யெச்சூரி மறைந்தபோது அவரது உடல் ஜே.என்.யு. வளாகத்துக்கும் கொண்டு வரப்பட்டது.

2016: இரு குரல்கள்

2016 பிப்ரவரி 9-ஆம் தேதி வளாகத்தில் நடந்த நிகழ்ச்சியில் தேச விரோத முழக்கங்கள் எழுப்பப்பட்டதாகக் கூறி, பேரவைத் தலைவர் கன்னையா குமார் மூன்று நாள்களில் தேசத் துரோக வழக்கில் கைது செய்யப்பட்டார். அந்த மாதம் 24-ஆம் தேதி ஹைதராபாத் பல்கலைக்கழக விவகாரத்துடன் சேர்த்து இப்பிரச்னை நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சராக இருந்த ஸ்மிருதி இரானி அளித்த ஆவேசமான பதில் நாடு முழுவதும் பேசப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இப்பல்கலைக்கழகத்தின் மதிப்புகளைச் சட்டமாக எழுதிய அதே நாடாளுமன்றம், அவற்றின் பொருள் என்ன என்று மோதிக்கொண்டது.

அதே நாள்களில் நிர்வாகக் கட்டடத்தின் படிக்கட்டுகளில் ஆசிரியர்கள் தேசியம் குறித்துத் திறந்தவெளி வகுப்புகளை நடத்தினர். அவ்வுரைகள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன. குற்றச்சாட்டுக்கு வகுப்பறையால் விடையளித்த முயற்சி அது.

அதன் பின் பல்கலைக்கழகம் இரு குரல்களில் பேசத் தொடங்கியது. 2017 ஜூலையில் கார்கில் வெற்றி நாள் நிகழ்ச்சியில், ராணுவ வீரர்களின் தியாகத்தை மாணவர்களுக்கு நினைவூட்ட வளாகத்தில் நிறுத்த ஒரு டாங்கியைப் பெற்றுத் தருமாறு துணைவேந்தர் எம். ஜகதீஷ் குமார் மத்திய அமைச்சர்களிடம் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டில் எம்.ஃபில்., பி.எச்டி. இடங்கள் வெகுவாகக் குறைக்கப்பட்டன. அப்படிப்புகளுக்கான பின்தங்கிய மாவட்டக் கூடுதல் மதிப்பெண்ணும் நீக்கப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளுக்குக் கட்டுப்பட்டே இடங்கள் குறைக்கப்பட்டன என்றது நிர்வாகம். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க 1999 முதல் இயங்கிய, மாணவர்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இடம்பெற்ற குழுவும் அந்த ஆண்டு செப்டம்பரில் கலைக்கப்பட்டு, வேறு குழு அமைக்கப்பட்டது.

2019-இல் விடுதிக் கட்டண உயர்வு அறிவிக்கப்பட்டது. தனியறை வாடகை மாதம் ரூ.20-லிருந்து ரூ.600-ஆக உயர்ந்தது, மாதம் ரூ.1,700 சேவைக் கட்டணமும் சேர்க்கப்பட்டது. பல ஆண்டுகளாக வாடகை உயர்த்தப்படவில்லை, ரூ.45 கோடிக்கு மேல் பற்றாக்குறை உள்ளது என்ற நிர்வாகத்தின் வாதத்தை முற்றிலும் புறக்கணிக்க இயலாது. ஆனால், மாதம் ரூ.12,000-க்குள் குடும்பம் நடத்தும் பெற்றோருக்கு இந்தத் தொகை எதைக் குறிக்கும் என்பதை அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையே அறிந்திருந்தது. நவம்பர் 11-இல் துணைக் குடியரசுத் தலைவர் வெங்கய்ய நாயுடு பங்கேற்ற பட்டமளிப்பு விழா அரங்குக்கு வெளியே மாணவர்கள் திரண்டதால், அமைச்சர் ரமேஷ் போக்ரியால் நிஷாங்க் பல மணி நேரம் வெளியேற முடியவில்லை. குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கிய நவம்பர் 18-இல் நாடாளுமன்றத்தை நோக்கி வந்த பேரணியைப் போலீஸார் தடுத்தனர். உயர்வு ஓரளவு திரும்பப் பெறப்பட்டது. பழைய கட்டணத்திலேயே பதிவு செய்துகொள்ள 2020 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்கால அனுமதி அளித்தது.

அதற்குள் ஜனவரி 5-ஆம் தேதி இரவு, முகமூடி அணிந்த கும்பல் இரும்புக் கம்பிகளுடன் விடுதிகளுக்குள் புகுந்தது. மாணவர் பேரவைத் தலைவர் ஆயிஷி கோஷும் ஆசிரியர்களும் உள்ளிட்டோர் காயமடைந்தனர். அப்போது நிர்வாகம் வெளியிட்ட அறிக்கை, பருவப் பதிவைத் தடுத்த மாணவர்களையே பிரச்னையின் தொடக்கமாகச் சுட்டியது.

அபராதப் பட்டியல்

2022-இல் பொறுப்பேற்ற முதல் பெண் துணைவேந்தர் சாந்திஸ்ரீ துலிபுடி பண்டிட், சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஜே.என்.யு.விலும் பயின்றவர். அவரது காலத்தில் 2023 மார்ச்சில் தர்னாவுக்கு ரூ.20,000 வரை அபராதம் என்ற விதிகள் வெளியாகி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டு இறுதியில் புதிய கையேடு வந்தது. கல்விக் கட்டடங்களிலிருந்து 100 மீட்டருக்குள் போராடினால் ரூ.20,000 வரையிலும், தேச விரோத முழக்கத்துக்கு ரூ.10,000-மும் அபராதம் விதிக்கலாம் என்றது அது. இவை பழைய விதிகளே என்று நிர்வாகம் விளக்கியது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வளாகச் சுவர்கள் ஒரே அரசியலைத்தான் பேசின, மாற்றுக் கருத்தாளர்களுக்கு அங்கு இடமில்லை என்பது ஏபிவிபி உள்ளிட்ட அமைப்புகளின் நெடுநாள் புகார். 2019 நவம்பரில், திறக்கப்படாதிருந்த விவேகானந்தர் சிலையின் பீடத்தில் அவமதிப்பு வாசகங்கள் எழுதப்பட்டது அந்தப் புகாருக்கு வலுவூட்டியது. 2020 நவம்பரில் அச்சிலையைக் காணொலி மூலம் திறந்து வைத்த பிரதமர் மோடி, தேச நலனைவிடக் கொள்கைக்கு முன்னுரிமை அளிப்பது தவறு என்றார். எனினும், அந்தப் புகாருக்கு விடை தேடும் வழியும் வளாகத்திலேயே இருந்தது. 2019-க்குப் பின் நடைபெறாதிருந்த பேரவைத் தேர்தல் 2024 மார்ச்சில் மீண்டும் நடந்தது. 2025 ஏப்ரலில் நான்கு முக்கியப் பொறுப்புகளில் ஒன்றை ஏபிவிபி பத்தாண்டுகளுக்குப் பின் கைப்பற்றியது; நவம்பரில் நான்கையும் இடதுசாரிக் கூட்டணி மீட்டது.

தேசியத் தரவரிசையில் 2017 முதல் 2025 வரை பல்கலைக்கழகப் பிரிவில் இரண்டாமிடத்தைத் தக்கவைத்ததைப் பல்கலைக்கழகம் பெருமையுடன் அறிவிக்கிறது. அந்தப் பெருமைக்கு உரியவர்கள் நிர்வாகத்தினர் மட்டுமல்லர். சுற்றறிக்கைகளில் அபராதத்துக்குரியோராகக் குறிப்பிடப்படும் மாணவர்களும், விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பப்படும் ஆசிரியர்களும்தான். நிர்வாகத்தின் அறிக்கைகளில் அவர்கள் சாதனையாளர்களாக ஒரு பக்கத்திலும் சிக்கலாக மறுபக்கத்திலும் தோன்றுகின்றனர்.

முதல் அட்டவணை இன்னமும் சட்டப் புத்தகத்தில் அப்படியே உள்ளது. அதைத் திருத்தும் துணிவு எந்த அரசுக்கும் வரவில்லை. திருத்தத் தேவையும் எழவில்லை. சேர்க்கை விதி, விடுதிக் கட்டணம், அபராதப் பட்டியல் ஆகியவற்றின் மூலமே அதன் பொருள் ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. அந்த எழுத்தைப் படித்துப் பார்க்கும் கடமை, அச்சட்டத்தை இயற்றிய நாடாளுமன்றத்துக்கு உண்டு.