முற்றுகையில் பிறந்த கஷாயம்

போர் நின்றுவிட்டது, சாவு நிற்கவில்லை. ஆண்டு 1232. சீனாவின் காய்ஃபெங் நகரைச் சுற்றி வளைத்திருந்த மங்கோலியப் படை விலகிய பிறகு, நகரின் 12 வாசல்கள் வழியாகவும் பிணங்கள் வெளியேறின. ஒரு வாசலில் நாளொன்றுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என மூன்று மாதம் போல இது நீடித்ததாக எழுதியிருக்கிறார் அக்காலத்து வைத்தியர் லி துங்யுவான்.

குளிர் தாக்கிய காய்ச்சல் என்று கணித்த மற்ற வைத்தியர்கள் வியர்வைக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்தார்கள். லியின் கணிப்பு வேறு. அரை வயிற்றுச் சோறு, ஓயாத உழைப்பு, உயிர்ப் பயம். இவற்றால் குடல் ஓய்ந்து, உடம்பின் 'ச்சீ' வற்றிவிட்டது என்றார். (தமிழ்க் காதுக்கு முகம் சுளிக்க வைக்கும் சொல்தான். மூச்சு, ஆவி, உயிராற்றல் எல்லாம் அதில் அடக்கம்.) அப்படிப்பட்ட உடம்புக்குப் பேதி மருந்து எமன். கொள்ளைநோய்தான் காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு.

1247ல் முடித்த நூலில் லி தந்த மருந்து 'பூ சொங் யீ ச்சீ தாங்'. எட்டுச் சரக்குகள். 'ஹுவாங் ச்சீ' என்ற வேருக்குத்தான் முதலிடம். துணைக்கு ஜின்செங், அதிமதுரம், உலர்ந்த ஆரஞ்சுத் தோல். கீழே இறங்கிவிட்ட ச்சீயை மேலே தூக்க என்று இரண்டு வேர்கள், அதுவும் கொஞ்சமாக. நோயை விரட்டும் மருந்தல்ல. வயிற்றைத் தேற்றும் மருந்து.

சிக்கல் ஜின்செங்கில். தோண்டித் தோண்டிக் காட்டு வேர் அருகிப்போக, விலை ஏறியது. 18ஆம் நூற்றாண்டில் 'தாங்ஷென்' என்ற மலிவான வேர் தனி மருந்தாக ஏடுகளில் இடம்பிடித்தது. இன்று பல கஷாயங்களில் ஜின்செங்குக்குப் பதில் அதுதான். சீனரின் ஜின்செங் ஆசையை அமெரிக்கர்களும் விடவில்லை. 1784ல் நியூயார்க்கிலிருந்து சீனாவுக்குக் கிளம்பிய முதல் கப்பலின் முக்கியச் சரக்கே அமெரிக்கக் காட்டு ஜின்செங்தான்.

லியின் கஷாயம் ஜப்பானில் 'ஹோச்சூ எக்கி தோ' என்ற பெயரில் பொடியாகக் கிடைக்கிறது. டாக்டர் எழுதிக்கொடுத்தால் அரசு மருத்துவக் காப்பீடும் உண்டு. இப்போது அதைக் கேட்டு வருபவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்ல, களைத்துப்போனவர்கள். ச்சீயை அளக்கக் கருவி இல்லை. ஆனால் களைப்புக்குப் பின்னால் ரத்தசோகையோ தைராய்டு கோளாறோ சர்க்கரையோ இருந்தால் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஜின்செங்கைத் தொடக்கூடாது.