முன்னால் ஆட்டம், பின்னால் காரணம்

திருப்பூர்–பல்லடம் சாலையிலுள்ள அருள்புரம் போன்ற பின்னலாடை ஊர்களில் பின்னல், சாயம், அச்சு, தையல் ஆகியவை தனித்தனிக் கூடங்களில் ஜாப் ஒர்க்காக நடப்பதால், துணிக்கட்டுகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் சிறியவை இருசக்கர வண்டிகளின் பின்னிருக்கையிலும் கேரியரிலும் ஏறுகின்றன. அவ்வாறு உழைத்த வண்டி, ஹேண்டில் ஆடுகிறது என்ற புகாருடன் பட்டறைக்கு வந்தால், முதலில் சந்தேகத்துக்கு உள்ளாவது கோன் செட்தான். அதாவது, முன்போர்க் சட்டகத்தோடு இணையும் கழுத்தில் ஹேண்டில் எளிதாகத் திரும்ப உதவும் குண்டுகளும் அவை உருளும் கிண்ணங்களும். கோன் செட் தேய்வது உண்மையே. ஆயினும் ஆட்டம் கைக்குத் தெரியும் இடமே அது பிறக்கும் இடம் என்று கொள்வது, செலவை ஏற்றிப் பழுதை அப்படியே விட்டுவைக்கும் வழி.

மோட்டார் சைக்கிளின் நிலைத்தன்மையைக் கணிதத்தால் ஆராய்ந்து 1971-இல் ராபின் ஷார்ப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை, இருவகை ஆட்டங்களைப் பிரித்துக் காட்டியது. ஹேண்டிலும் முன்சக்கரமும் மட்டும் விரைந்து உதறுவது 'வாபிள்' எனப்படும் நடுக்கம். வண்டி முழுவதுமே, நொடிக்குச் சுமார் இரண்டு மூன்று முறை, பக்கவாட்டில் அலைவது 'வீவ்' எனப்படும் நெளிவு. நெளிவு வேகத்தோடு வளர்வது. பின்பகுதியின் சுமையும் தளர்ச்சியும் அதைத் தூண்டக்கூடியவை. பின்னச்சுக்கும் பின்னே தொங்கும் கட்டு, அந்த அச்சை ஆதாரமாகக் கொண்டு முன்சக்கரத்தின் மேலுள்ள எடையைக் குறைப்பதால், ஹேண்டில் பிடிப்பின்றி இலேசாகிவிடுகிறது.

எனவே சுமையை இறக்கி, குளிர்ந்த டயர்களில் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குக் காற்றடித்து, அதே சாலையில் மிதமான வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதே முதல் சோதனை. இதற்குச் செலவேதும் இல்லை. கோளாறு நீங்கவில்லையென்றால் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்ப வேண்டும்: நேர்நிலையில் அது சிக்கி நின்றால் கிண்ணத்தில் குழி விழுந்திருக்கிறது, போர்க்கை முன்பின் இழுக்கையில் தட்டும் ஓசை எழுந்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. அளவுக்கு மீறி முறுக்கினாலும் வண்டி நேராகச் செல்லாமல் தடுமாறும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைக்கும்போது சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங்கும், அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன.

செயினை இறுக்கும்போது இருபக்க அட்ஜஸ்டர்களும் ஒரே குறியில் நிற்காவிட்டால் பின்சக்கரம் கோணலாகிவிடும். நூலுக்குப் பஞ்சமில்லாத இவ்வூர்களில் இதைச் சோதிப்பது எளிது: ஹேண்டிலை நேராக வைத்து, பின்டயரின் இருபுறமும் படியுமாறு இரு நூல்களை முன்டயர்வரை இழுத்துக் கட்டினால், முன்டயருக்கும் நூலுக்கும் இடையிலான வெளி இருபக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அட்ஜஸ்டர் குறிகள் சமமாக இருந்தும் அந்த வெளி வேறுபட்டால், போர்க்கோ ஸ்விங் ஆர்மோ சட்டகமோ வளைந்திருக்கக்கூடும். புதிய கோன் செட்டால் அது நிமிராது.