வளாகத்தில் ஒரு துயரம் நடந்த பிறகு

2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு, கொக்குவில் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவர்கள் இருவர் உயிரிழந்தார்கள். முதலில் வீதி விபத்து என்றுதான் சொல்லப்பட்டது. பொலிஸாரின் துப்பாக்கிச்சூடு என்பது பின்னரே வெளியே வந்தது. ஐந்து பொலிஸார் கைதுசெய்யப்பட்டார்கள். மாணவர்கள் வீதியில் இறங்கி நீதி கேட்டார்கள். அந்தக் குரல் செய்தியானது. ஆனால், அடுத்த வாரங்களில் அதே விரிவுரை மண்டபத்தில், வெறுமையாகிப்போன இருக்கைகளுக்குப் பக்கத்தில் இருந்து பாடம் கேட்ட நண்பர்களின் மனநிலை செய்தியாகவில்லை.

துப்பாக்கிச்சூடு மட்டுமல்ல, விடுதியில் ஒரு தற்கொலை, கொடூரமான பகிடிவதை, பாலியல் துன்புறுத்தல், சக மாணவரின் விபத்து மரணம் என எது நடந்தாலும் பாதிப்பு நேரடியாகச் சிக்கியவருடன் நிற்பதில்லை. கண்டவர், தூக்கிச் சென்றவர், முதல் நாள் ஒன்றாகத் தேநீர் குடித்தவர் எல்லோரையும் அது தொடும்.

முதல் நாட்களில் என்ன நடக்கும்?

நித்திரை வராது. கண்ட காட்சி திரும்பத் திரும்ப வரும். கதவு அடிபட்டாலே உடல் திடுக்கிடும். சாப்பாடு இறங்காது. சிலருக்கு அழுகையே வராமல் மரத்துப்போய்விடும். "அன்றைக்கு நான் கூடப் போயிருந்தால்" என்ற குற்றவுணர்வு அரிக்கும். இவை நோயல்ல. தாங்கமுடியாத ஒன்றுக்கு மனமும் உடலும் காட்டும் இயல்பான எதிர்வினைகள். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இவை தணிந்துவிடும்.

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. இன்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் பலர் 2009இல் சின்னப் பிள்ளைகள். "எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை" என்பார்கள். ஆனால் பங்கருக்குள் இருந்த பயத்தை உடல் மறந்திருக்காது. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படம் சுவரில் தொங்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, நண்பனின் மரணம் வீட்டின் பழைய துயரத்தையும் சேர்த்துக் கிளறும். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போரின் உளப் பாதிப்பைக் 'கூட்டு மனவடு' என்று விளக்கினார். தனிமனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் சமூகமும் சேர்ந்தே காயப்படுகின்றன. ஆறுவதும் சேர்ந்தேதான்.

பெற்றோர் சொல்லக்கூடாத ஒரு வசனம்

"வன்னியில நாங்கள் பார்க்காததா?" ஆறுதலாக நினைத்துத்தான் சொல்கிறோம். ஆனால், அதைக் கேட்ட பிள்ளை அதற்குமேல் வாய் திறக்காது. தன் துயரம் சிறியது, அதைச் சொல்லத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் மூன்று செயல்களைச் சொல்கிறது: பார், கேள், இணை. பாதுகாப்பாக இருக்கிறாரா, சாப்பிட்டாரா என்று பாருங்கள். அவர் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். தேவையான உதவியுடன் இணைத்துவிடுங்கள். "என்ன நடந்தது, முழுக்கச் சொல்லு" என்று வற்புறுத்தவேண்டாம். அது காயத்தை ஆழமாக்கலாம்.

மாணவர்கள் செய்யக்கூடியவை

தனியாக அறையில் அடைந்து கிடக்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சம்பவத்தின் படங்களையும் வீடியோக்களையும் திரும்பத் திரும்பப் பார்ப்பதையும் பகிர்வதையும் நிறுத்துங்கள். மதுவையும், வைத்தியர் தராத நித்திரைக் குளிசைகளையும் நாடாதீர்கள். விளக்கேற்றுவதும், எட்டுக்கும் அந்தியேட்டிக்கும் நண்பர்களாகச் சேர்ந்து போவதும் துக்கத்தை ஆற்றும் வழிகள்தான். சேர்ந்து அழ ஓரிடம் வேண்டும். 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ். பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது அத்தனை பேர் வாசலில் கூடியதும் அதனால்தான்.

எப்போது, எங்கே போவது?

ஒரு மாதம் கடந்தும் நித்திரையில்லாமை, பயங்கரக் கனவு, விரிவுரைக்குப் போகமுடியாமை தொடர்ந்தால் உதவி தேவை. சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கவேண்டாம்.

நம்பிக்கையான விரிவுரையாளர் அல்லது மாணவர் ஆலோசகரிடம் தொடங்கலாம். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் நிறுவனம் பல ஆண்டுகளாக உளவளத்துணை வழங்கிவருகிறது. தேசிய உளநல உதவி இலக்கம் 1926. அங்கெல்லாம் போவது 'விசர்' என்பதற்கு அடையாளமல்ல. கால் முறிந்தால் வைத்தியசாலைக்குப் போவதைப் போன்றதே இதுவும்.

உளவளத்துணை நீதிக்குப் பதிலாகாது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம். முறைப்பாடு செய்யப் போகும் நண்பரைத் தனியே அனுப்பாதீர்கள். கூடப் போங்கள்.

சம்பவம் நடந்த திகதி அடுத்த ஆண்டு வரும்போது எல்லாம் ஒருமுறை திரும்பி வரலாம். அன்றைக்கு வீட்டிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு போதும். "சாப்பிட்டியா? நித்திரை வந்ததா?" என்று கேளுங்கள். மறுமுனையில் மௌனம் என்றாலும் உடனே வைத்துவிடாதீர்கள்.