சிறு சொகுசு ஜீப் வண்டி: புதியது கொள்வதோ, பழையது கொள்வதோ?

உழவுக்கு எருது கொள்ளச் சென்ற நம் முன்னோர் அதன் நிறத்தையும் கொம்பையும் கண்ட அளவிற் பணத்தை எடுத்து நீட்டினாரல்லர். பல்லைப் பார்த்தனர், சுழியைப் பார்த்தனர், குளம்பைத் தூக்கிப் பார்த்தனர், நுகத்திற் பூட்டி நடத்திப் பார்த்தனர், வளர்த்தவன் யாரென்றும் வினாவினர். இன்றோ, ஓர் எருதின் விலையினும் பன்னூறு மடங்கு விலையுள்ள மோட்டார் வண்டியை, முகப்பிலுள்ள சின்னத்தையும் மின்னுகின்ற வர்ணத்தையும் கண்டு கொள்வார் பலராவர். அப்பணமோ ஊழியர் சேமலாப நிதியாகக் கைக்கு வந்த முப்பது ஆண்டு உழைப்பின் பயனாகவோ, கடல்கடந்த பிள்ளைகள் சிறுகச் சிறுக அனுப்பிய பொருளாகவோ இருத்தல் கூடும். அது வீண்போகாதிருத்தற்கு அறியவேண்டியவற்றை இங்கே தொகுத்துக் கூறுவோம்.

இவ்வண்டி யாது?

உயரமான வண்டி யாவற்றையும் ஜீப் என்று அழைப்பது நம் நாட்டு வழக்கு. ஆயினும் பழைய ஜீப்பும் இக்காலச் சிறு சொகுசு ஜீப்பும் வேறு வேறு இனத்தன. முன்னது, ஏணி போன்ற தனி இரும்புச் சட்டத்தின்மேல் உடல் ஏற்றப்பட்டது. காட்டுவழிக்கும் சேற்றுக்கும் ஆக்கப்பட்டது. பின்னது, சட்டமும் உடலும் ஒன்றாய் அமைந்த மோட்டார்க் காரைச் சிறிது உயர்த்தி, ஜீப்பின் தோற்றத்தை அளித்ததாகும். வணிகர் இதனைக் கிறொஸ்ஓவர் என்பர்.

டொயோட்டா கம்பனி 1994 ஆம் ஆண்டில் வெளியிட்ட ராவ்4 என்னும் வண்டி இவ்வினத்தின் முன்னோடிகளுள் ஒன்று. சொகுசுக் கம்பனிகள் சிறிய அளவில் இதனை ஆக்கத் தொடங்கியது பிற்காலத்திலாகும். பி.எம்.டபிள்யூ எக்ஸ்1 2009 இலும், அவுடி கியூ3 2011 இலும், லெக்ஸஸ் என்எக்ஸ் 2014 இலும், வொல்வோ எக்ஸ்சி40 2017 இலும், லெக்ஸஸ் யூஎக்ஸ் 2018 இலும் வெளிவந்தன. மேர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல்ஏ அக்கம்பனியின் ஏ வகுப்புச் சிறு காரின் அடித்தளத்தின்மேல் எழுந்தது. 2015 இல் வந்த இரண்டாவது எக்ஸ்1, மினி காருக்கு உறவானது.

இவ்வுறவை அறிவதாற் பயன் என்னையெனின், வண்டியிடம் எதனை எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாகும். இவற்றின் விலை குறைந்த வகைகளுட் பெரும்பாலானவற்றில் முன்சில்லுகள் இரண்டையுமே இயந்திரம் செலுத்தும். நிலத்துக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளியும் ஒரு தன்மைத்தன்று: யூஎக்ஸ் வண்டியில் ஏறத்தாழ 160 மில்லிமீற்றர், எக்ஸ்சி40 இல் ஏறத்தாழ 210. மழைக்காலத்துக் குச்சொழுங்கையும் வயல்வழியும் செல்லவேண்டியவர், தோற்றத்தை நம்பாது இவ்விலக்கத்தைக் கேட்டறிதல் வேண்டும்.

மூவகைச் சந்தை

பிற நாடுகள் பலவற்றிற் புதியது, பழையது என இருவகையே உண்டு. நம் நாட்டில் மூவகை. ஏக முகவரிடம் கொள்ளும் புத்தம் புதிய வண்டி ஒன்று. வேறு நாட்டில் ஓடி, இங்கே முதன்முறை பதியப்படும் 'றீகண்டிஷன்' வண்டி இரண்டு. இங்கேயே பதியப்பட்டு ஓடிய வண்டி மூன்று.

புத்தம் புதியதன் சிறப்பு முகவரின் உத்தரவாதம். பழுது நேரின் பொறுப்பேற்க ஒருவர் உளர். உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று அலையவேண்டுவதில்லை. அதன் குறை, முதற் சில ஆண்டுகளில் நேரும் விலைவீழ்ச்சி முழுவதையும் கொள்வோனே தாங்குதல்.

றீகண்டிஷன் என்ற சொல் பலரை மயக்குகின்றது. பழுதுகள் யாவும் நீக்கிப் புதுக்கப்பட்டது என்று பொருள்கொள்வர். அங்ஙனமன்று, பிறநாட்டிற் பாவிக்கப்பட்டது என்பதே உண்மைப் பொருள். யப்பானிலிருந்து வருவனவற்றுக்கு ஏலத்தாள் என்ற ஒரு சான்று உண்டு. ஏலசாலைப் பரிசோதகர் வண்டியின் தரத்தை அதில் இலக்கத்தாற் குறிப்பர். 5, 4.5 என்பன நல்ல நிலையைக் குறிக்கும். 3 இற் குறைகள் மிகும். 'ஆர்' என்ற எழுத்து விபத்தின்பின் திருத்தப்பட்டதைக் காட்டும். வண்டியின் படத்தில் 'ஏ' என்பது கீறல், 'யு' என்பது நெளிவு, 'டபிள்யு' என்பது திருத்திய தகடு, 'எக்ஸ் எக்ஸ்' என்பது மாற்றிய தகடு. ஓடிய தூரமும் அதில் உண்டு. விற்போர் காட்டும் பிரதியோடு அமையாது, அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு தாமே அத்தாளைப் பெற்று ஒப்பிடுதல் அறிவுடைமை.

யப்பானிய வண்டியின் வானொலி 76 முதல் 95 மெகாஹேட்ஸ் வரையே கேட்கும். நம் நிலையங்களோ 88 முதல் 108 வரை பரந்துள்ளன. இது சிறு குறை. பிரித்தானியாவிலிருந்து வருவதன் குறை பெரிது. அங்கே பனிக்காலத்தில் வீதிகளில் உப்பிடுவர். அவ்வுப்பு வண்டியின் அடியைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே அத்தகைய வண்டியை உயர்த்தி அடிப்புறத்தைக் காணாது விலைபேசலாகாது.

உள்நாட்டிற் பதிந்த வண்டியின் நன்மை, அதன் வரலாற்றை விசாரித்தறிய இயலுவது. அதனைப் பராமரித்த கராஜ் இங்கேயே உண்டு. ஓட்டியவரும் இங்கேயே உளர். பதிவுச் சான்றிதழில் முற்றுரிமையாளர் என்ற இடத்தில் நிதிக் கம்பனி ஒன்றன் பெயர் இருக்குமாயின், குத்தகைக் கடன் தீர்ந்ததற்கான கடிதமின்றிப் பணம் கொடுத்தல் ஆகாது. அடிச்சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவோடு ஒப்பிடுதலும் வேண்டும்.

விலையும் செலவும்

நம் நாட்டில் வண்டியின் விலையில் வரி பெரும் பங்கினது. பெற்றோல், டீசல் வண்டிகளின் கலால் தீர்வை இயந்திரத்தின் கொள்ளளவைக் கொண்டும், மின்வண்டிகளின் தீர்வை மோட்டாரின் வலுவைக் கொண்டும் கணிக்கப்படும். 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரியும் உடன் சேரும். ஆகவே சிறிய இயந்திரமுள்ள சொகுசு வண்டிகளையே பலரும் நாடுகின்றனர்: 999 கன சென்ரிமீற்றர் கொண்ட அவுடி கியூ2, 1,499 கொண்ட எக்ஸ்1, 1,332 கொண்ட ஜிஎல்ஏ என்பன போல்வன.

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 ஆம் திகதியே வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய வண்டிகளின் விலை ஏறியது. வாங்கிய விலையினும் மிகுதியாக விற்றவரைக் கண்டவர், வாகனமும் காணிபோல முதலீடே என்று எண்ணலாயினர். அஃது ஒரு காலத்து விந்தை. ஓடத் தேயும் பொருள் என்றும் காணியாகாது.

கணக்கை எவ்வாறு இடுவது? ஓர் உதாரணம் கொள்வோம். புதிய வண்டியின் விலை 100 பங்கு என்க. ஐந்து ஆண்டின்பின் அது 55 பங்குக்கு விற்கும் என்றும், இடையிற் பராமரிப்புக்கு 10 பங்கு செல்லும் என்றும் வைத்துக்கொண்டால், உண்மைச் செலவு 55 பங்கு. அதே வகையிற் பழையது ஒன்றை 60 பங்குக்குக் கொண்டு, ஐந்து ஆண்டின்பின் 35 பங்குக்கு விற்று, பராமரிப்புக்கு 20 பங்கு செலவிட்டால், உண்மைச் செலவு 45 பங்கு. கொள்ளும்போது 40 பங்கு மிச்சம்போலத் தோன்றியது. முடிவில் எஞ்சியது 10 பங்கே. கியர்ப்பெட்டியோ ஹைபிரிட் பற்றறியோ ஒருமுறை பழுதுற்றால் அந்தப் பத்தும் கரைந்துபோம். எண்கள் எடுத்துக்கொண்டவையே, அவரவர் தம் வண்டிக்குரிய எண்களை இட்டுப் பார்க்க.

யானையைக் கட்டித் தீனி போடுவது என்ற வழக்கு இங்கே பொருந்தும். விலை குறைந்ததெனினும் சொகுசு வண்டியின் உதிரிப்பாக விலை குறைவதில்லை. பத்து ஆண்டு சென்ற வண்டிக்கும் அதன் பிறேக், குளிரூட்டி, கியர்ப்பெட்டி என்பவற்றின் பாகங்கள் சொகுசு வண்டியின் விலைக்கே வரும். ஆகலின் கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுக்கலாகாது. முதலாண்டுத் திருத்தத்துக்கென ஒரு பகுதியைத் தனியே வைத்த பின்னர் எஞ்சியதே வண்டியின் விலையாதல் வேண்டும்.

உள்ளுறுப்புகள்

ஐரோப்பியச் சிறு இயந்திரங்கள் ரேபோவின் துணையால் வலுப்பெறுவன. அவற்றுட் பல 95 ஒக்டேன் பெற்றோலை வேண்டுவன. எரிபொருள் மூடியின் உட்புறத்தில் அது குறிக்கப்பட்டிருக்கும். பெற்றோல் நேரே சிலிண்டரினுட் பீச்சப்படும் இயந்திரங்களில், உள்வாங்கும் வால்வுகளைப் பெற்றோல் கழுவுவதில்லை. காலப்போக்கிற் கரி படியும். குளிர்நாட்டு நெடுவீதிகளுக்கெனச் சில உற்பத்தியாளர் 30,000 கிலோமீற்றர் வரையிலும் ஒயில் மாற்றாதிருக்கலாம் என்பர். வெப்பமும் நெரிசலும் மிக்க கொழும்பு வீதிகளுக்கு அக்கணக்குப் பொருந்தாது. முன்னைய உரிமையாளர் ஒயிலை எப்போதெல்லாம் மாற்றினார் என்பதே அவ்வியந்திரத்தின் ஆயுளைக் காட்டும் குறி.

இரட்டைக் கிளச்சுக் கியர்ப்பெட்டி விரைந்து இயங்கும், எரிபொருளைச் சிக்கனப்படுத்தும். ஆயினும் காலி வீதி நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊரும்போது கிளச்சு சூடேறித் தேயும். ஒயிலில் மூழ்காத வறண்ட வகையில் இது மிகுதி. லெக்ஸஸ் ஹைபிரிட் வண்டிகளில் இத்தகைய கிளச்சு இல்லை. மின்மோட்டார்களும் பற்சில்லுகளும் அவ்வேலையைச் செய்வன. அங்கே கவனிக்கவேண்டுவது பற்றறி. அதனைக் குளிர்விக்கும் காற்று பின்னாசனத்தருகேயுள்ள துவாரத்தாற் புகும். அத்துவாரத்தைத் தூசியும் பொதிகளும் அடைப்பின் பற்றறி வெப்பமுற்று ஆயுள் குறையும்.

சோதித்தறியும் முறை

காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது செல்க. முன்னரே சூடேற்றி வைக்கப்பட்ட வண்டி சில ஓசைகளை மறைக்கும். நெரிசலில் மெல்ல ஊர்ந்தும், மேட்டிற் பின்னோக்கி ஏறியும், திடீரென நிறுத்தியும் பார்க்க. கணினிக் கருவியால் உள்ளே பதிந்த பழுதுக் குறிகளை ஒரு நல்ல தொழினுட்பவியலாளர் வாசித்தறிவார்; அவருக்குக் கொடுக்கும் கூலி வீணாகாது.

ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கம் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2324 எனின் 2024 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். ஓடியது 20,000 கிலோமீற்றர் என்று மானி சொல்ல, பிறேக் மிதியின் இறப்பரும் சுக்கானின் தோலும் தேய்ந்திருப்பின், மானியை நம்பற்க.

2016 மே மாதத்திற் களனி பெருக்கெடுத்தபோதும், 2025 நவம்பர் இறுதியிற் பெருவெள்ளம் வந்தபோதும் நீரில் மூழ்கிய வண்டிகள் பல. ஆசனப்பட்டியை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அதன் அடிநுனியில் வண்டல் தெரியும். கம்பளத்தின் கீழும் ஆசன ஆணிகளிலும் துரு தெரியும்.

எல்லாவற்றினும் முதன்மையானது உயிர்க்காப்பு. இயந்திரத்தை இயக்கும்போது காற்றுப்பையின் விளக்கு எரிந்து, சில விநாடியில் அணைதல் வேண்டும். எரியவே இல்லையெனின், விபத்தில் வெடித்த பையை மாற்றாது விளக்கை மாத்திரம் துண்டித்திருத்தல் கூடும். டக்காட்டா கம்பனியின் காற்றுப்பைகள் வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறி உயிர்களைப் பறித்தமையால், டொயோட்டா, ஹொண்டா, பி.எம்.டபிள்யூ உட்படப் பல கம்பனிகள் கோடிக்கணக்கான வண்டிகளைத் திருப்பியழைத்தன. நாடுவிட்டு நாடு வந்த வண்டியின் உரிமையாளரை அத்தகைய அழைப்பு தேடிவருதல் அரிது. அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து அவரே விசாரித்தல் வேண்டும்.

முடிபு

பத்து ஆண்டுக்கு மேல் ஒரே வண்டியை வைத்திருக்கக் கருதுபவர்க்கும், கராஜுக்கு அலைய இயலாத முதியோர்க்கும் புத்தம் புதியது தக்கது. ஏலத்தாளைத் தாமே பெற்றுச் சரிபார்க்க வல்லவர்க்கு றீகண்டிஷன் தக்கது. பராமரிப்புப் பதிவு முழுவதும் கையில் உள்ளதும், திருத்த வல்ல கராஜ் அண்மையில் உள்ளதுமான உள்நாட்டு வண்டி, சிக்கனத்தை நாடுவோர்க்குத் தக்கது. இம்மூன்றுள் எதற்கும் பொருந்தாதார், சின்னத்தின் ஆசையை விடுத்து, அதே விலையிற் சொகுசுச் சின்னமில்லாத புதியதொரு சிறு ஜீப்பைக் கொள்வது நன்று. பிள்ளைகளைப் பத்திரமாகப் பள்ளிக்கூடத்தில் இறக்குவதற்கு முகப்பிலுள்ள சின்னம் யாதும் உதவுவதில்லை. வரலாறு தெரியாத வண்டியை மாத்திரம், எவ்வளவு மலிவாயினும், கொள்ளற்க.